மல்லாந்த சிப்பிகள்

என்னைப் பற்றி என் வீட்டில் ஒரு கதை சொல்வார்கள். ஒருமுறை பேருந்து மாறி ஏறி வேறு ஊரில் போய் இறங்கினேனாம். இறங்கியதும் நடத்துநரின் சட்டையைப் பிடித்து, "உங்க வண்டி ஏன்யா வழி மாறி வந்துச்சு?" என்று சண்டை போட்டேனாம். இதில் பாதிதான் உண்மை. நான் சண்டை போட்டது நடத்துநரிடம் இல்லை, ஓட்டுநரிடம்.

என் மகள் பள்ளியில் படிக்கும்போதே தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்: "எங்கப்பா வாயிலேருந்து 'நான் தப்புப் பண்ணிட்டேன்'னு வந்துச்சுன்னா அன்னிக்கு உலகம் அழியப் போகுதுன்னு அர்த்தம். கையில கிடைச்சதை எடுத்துக்கிட்டு ஓடணும்." எனக்குக் கோபம் வரும். கோபத்துக்குள் கொஞ்சம் பெருமையும் இருக்கும், பொய் சொல்வானேன்.

பெருமைக்குக் காரணம் என் வேலை. சாலையோ பாலமோ எது கட்டினாலும் பூமிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்தாக வேண்டும். ரிக் வைத்துத் துளை போடுவார்கள். ஆழத்திலிருந்து கல் ஒரு குழாய்க்குள் மணிக்கட்டுத் தடிமனில் உருளை உருளையாக வெளியே வரும். அதை மேல் எது, கீழ் எது என்று வரிசை குலையாமல் நீளப் பெட்டியில் அடுக்கி, ஒவ்வொரு துண்டிலும் அம்புக்குறி போட்டு, எத்தனையாவது மீட்டரில் என்ன கல் என்று ஏட்டில் எழுதுவது என் பொறுப்பு. பத்தொன்பது வருஷமாகச் செய்கிறேன். வேலை என்னவோ சுலபம்தான், வரிசை மட்டும் மாறக் கூடாது. மாறினால் எந்தக் கல்லும் "என்னைத் தலைகீழாக வைத்துவிட்டாய்" என்று வாய் திறந்து சொல்லப் போவதில்லை. "பெட்டி அண்ணன்" என்றால்தான் வேலையிடத்தில் என்னைத் தெரியும்.

எங்களுக்கு இப்போது வேலை நடக்கிற மலையின் கல் கொஞ்சம் விசேஷமானது. மாதம் ஒருமுறை வந்து பெட்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதும் நிலவியல் மேடம் சொன்னதுதான்: இது ஒரு காலத்தில் கடற்கரை. மணல் இறுகிப் பாறையாகிவிட்டது. அலை போட்ட வரிகள், நண்டு தோண்டிய பொந்து, சிப்பிகள் எல்லாம் அப்படி அப்படியே கல்லாகிக் கிடக்கின்றன. நடுநடுவே களிமண் பட்டைகள். கடல் அடங்கிக் கிடந்த நாட்களில் படிந்த சேறு அது. கடல் போய் எத்தனையோ கோடி வருஷம் ஆகிவிட்டது. அந்தச் சேற்றில் மட்டும் தண்ணீர் பட்டால் இன்றைக்கும் வழுக்கும்.

மேடம் இன்னொன்றும் சொன்னார். "கரையில ஒத்தைச் சிப்பி ரொம்ப நேரம் மல்லாந்து கிடக்காது. அலை வந்து புரட்டிக் கவுத்துடும். கவுந்ததுக்கு அப்புறம் அலையால அதை அசைக்க முடியாது. அதனால இந்தக் கல்லுல எங்க பாத்தாலும் சிப்பி கவுத்து வச்ச கிண்ணம் மாதிரிதான் இருக்கும்." அதைக் கேட்ட நாளிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நானே கண்டுபிடித்த மாதிரி அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த மலையின் ஒரு தோளை வெட்டித்தான் சாலை போடுகிறார்கள். பாறை அடுக்குகள் எல்லாம் சாலையைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. அடுக்குகளுக்கு இடையே நான்கு விரல் தடிமனில் ஒரு களிமண் பட்டை ஓடுகிறது. அது சாலைத் தளத்துக்குக் கீழே இருக்கும்வரை பயமில்லை, மேலே இருக்கும் பாறைக்கு அடியில் முட்டு இருக்கும். பட்டைக்கும் கீழே வெட்டிவிட்டால் முட்டு போய்விடும். அப்புறம் ஒரு நல்ல மழை போதும், மேலே இருப்பது மொத்தமும் சறுக்கிக்கொண்டு வந்து சேரும்.

என் ஏட்டில் அந்தப் பட்டை பதினான்கு மீட்டர் நாற்பதில் இருந்தது. சாலைத் தளம் சரியாகப் பதினான்கு மீட்டர் ஆழத்தில். ஆக, பட்டை தளத்துக்கு நாற்பது சென்டிமீட்டர் கீழே. மேடம் அதைத்தான் அறிக்கையில் எழுதினார், இன்ஜினியர் அதை வைத்துத்தான் வெட்டினார். வெட்டிய பள்ளத்தின் அடியில் நின்று மட்டம் பார்த்துக் குறி போடுகிற சர்வேயர் என் ஒரே மகள்.

மூன்று நாள் விடாமல் பெய்த மழை அன்றைக்குக் காலையில்தான் விட்டது. பத்து மணிக்கு இன்ஜினியர் போன் செய்தார். தலைமை அலுவலகத்திலிருந்து யாரோ வருகிறார்களாம், அவர்கள் மேஜையில் வைக்க அழகான கல் ஒன்று வேண்டுமாம். "சிப்பி நிறைய இருக்கற மாதிரி ஒண்ணு பாத்து வைங்க" என்றார். பெட்டிகள் இருக்கிற கொட்டகையில் போய்ப் பன்னிரண்டு முதல் பதினைந்து மீட்டர் வரை என்று எழுதியிருந்த பெட்டியை இழுத்தேன். அதில்தான் சிப்பி அதிகம். காய்ந்த கல்லில் எதுவும் சரியாகத் தெரியாது, நனைத்தால் பளிச்சென்று தெரியும். பாட்டிலில் இருந்த தண்ணீரைத் தெளித்தேன்.

நாற்பது சிப்பியாவது இருக்கும். என் அம்புக்குறி எந்தப் பக்கம் மேல் என்று காட்டியதோ, அந்தப் பக்கமாக எல்லாச் சிப்பியும் வாயைத் திறந்து மல்லாந்து கிடந்தது.

ஒன்றிரண்டு அப்படி இருந்தால் விட்டுவிடலாம். நாற்பதும் அப்படியா? பக்கத்துப் பெட்டியைத் திறந்து தண்ணீர் தெளித்தேன். அங்கே எல்லாம் கவிழ்ந்திருந்தன. அதற்கு அடுத்த பெட்டியிலும் கவிழ்ந்துதான் இருந்தன. மறுபடி வந்து இந்தப் பெட்டியைப் பார்த்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். கல்லைப் புரட்டிப் பிடித்துப் பார்த்தேன். புரட்டினால் சரியாக இருந்தது.

கல் சரியாகத்தான் இருந்தது. அம்புதான் பொய் சொல்லியிருந்தது. அம்பு போட்டவன் நான்.

கணக்குப் போட எனக்குக் காகிதம் தேவைப்படவில்லை. அந்த மூன்று மீட்டர் முழுவதும் தலைகீழ் என்றால் பதினான்கு நாற்பதில் இருக்கிற பட்டை உண்மையில் பன்னிரண்டு அறுபதில் இருக்கிறது. தளத்துக்குக் கீழே இல்லை, ஒரு மீட்டர் நாற்பது மேலே. ஒரு ஆள் நின்றால் மார்பு உயரம். நேற்று மாலையோடு பதினான்கு மீட்டர் வரை வெட்டி முடித்துவிட்டார்கள். மூன்று நாள் மழைத் தண்ணீர் உள்ளே இருக்கிறது. என் மகள் அதன் முன்னால் நிற்கிறாள்.

மகளுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது. மறுபடியும் போட்டேன். அதே பொறுமை. இன்ஜினியருக்குப் போட்டேன், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வாசலில் ரிக்கின் பம்பைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த ரேடியோவிடம் ஓடினேன்.

ரேடியோ என்பது துளை போடுகிறவனின் பட்டப்பெயர். காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம்தான் மூடுவான். என்னைப் பார்த்ததுமே ஆரம்பித்தான். "வாங்க அண்ணே, இந்தப் பம்பை வித்தவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா…"

"பன்னெண்டுலேருந்து பதினஞ்சு. எட்டாம் நம்பர் துளை. அந்தக் கல்லை எப்படி வெளிய எடுத்தே?"

அவன் கை நின்றது. வாயும் நின்றது. அவன் பேசாமல் இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்க்கப் பயமாக இருந்தது.

"அன்னிக்குக் கல்லு குழாய்லயே இறுகிடுச்சுண்ணே" என்றான். "வழக்கம் போலத் தலைப்பக்கத்துலேருந்து தட்டிப் பாத்தேன், அசையல. குழாய் நுனியில இருக்கற பல்லைக் கழட்டிட்டு அடிப்பக்கத்துலேருந்து தள்ளினேன். மேல் கல்லு முதல்ல வந்துச்சு."

எப்போதும் அடிக்கல்தான் முதலில் வரும். முதலில் வந்ததைப் பெட்டியின் கடைசியில் வைப்பது என் பழக்கம். கை பாட்டுக்கு வைக்கும், கண் பார்க்கவே தேவையில்லை. அன்றைக்கும் கை அப்படித்தான் வைத்திருக்கிறது.

"ஏன்டா சொல்லித் தொலைக்கல?"

"சொல்ல வந்தேனேண்ணே. 'அண்ணே, இன்னிக்கு மாத்தி…'ன்னு வாயெடுத்தேன். 'பத்தொம்பது வருஷமா அடுக்கறேன், எனக்கே சொல்லித் தர்றியா? பொத்திக்கிட்டுப் போடா'ன்னீங்க. சரி, பாத்து வைப்பீங்கன்னு போயிட்டேன்."

ஞாபகம் வந்தது. அப்போது டீ ஆறிக்கொண்டிருந்தது என்பதுகூட ஞாபகம் வந்தது. அவன் பேச ஆரம்பித்தால் டீ பச்சைத் தண்ணீராகிவிடும் என்றுதான் விரட்டினேன்.

"வண்டியை எடு" என்றேன். கையில் அந்தச் சிப்பிக் கல் இருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை, அதோடு ஏறி உட்கார்ந்தேன்.

பள்ளத்துக்கு மூன்று கிலோமீட்டர். மலைக்கு மேல் சுற்றிப் போகிற மண் பாதை, வழி நெடுக உளைச் சேறு. வண்டி வழுக்கும்போதெல்லாம் ரேடியோ காலை ஊன்றி ஊன்றி நிமிர்த்தினான். வாயைத் திறக்கவே இல்லை. ஏதாவது பேசமாட்டானா என்று இருந்தது எனக்கு. அவள் இந்நேரம் டீ குடிக்க மேலே வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் டீ குடிப்பதில்லை என்பது அடுத்த நொடியே நினைவுக்கு வந்தது.

மலையுச்சியில் ஓரிடத்தில் ரேடியோ சட்டென்று பிரேக் போட்டான். பள்ளத்தின் விளிம்பிலிருந்து முப்பது அடி உள்ளே மழைத் தண்ணீர் போக ஒரு வடிகால் வெட்டியிருந்தார்கள். தண்ணீர் சலசலவென்று ஓடிவந்தது, நடுவில் ஓரிடத்தில் காணாமல் போனது. அதற்கு அப்பால் வடிகால் காய்ந்து கிடந்தது. இறங்கிப் பார்த்தேன். தரை வாய் பிளந்திருந்தது. பிளவு என் கை நுழையும் அகலம், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நீளம். ஓடிவந்த தண்ணீர் அத்தனையும் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அது கீழே போய் விழுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

"அண்ணே, நாம இப்ப சறுக்கப் போற பாறை மேலதான் நிக்கறோம்" என்றான் ரேடியோ மெதுவாக.

இருவரும் பூனை போல அடியெடுத்துப் பின்னால் வந்து வண்டியில் ஏறினோம். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. அதுவரை பயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் பயமே இல்லை.

பள்ளத்துக்குள் லாரி இறங்குகிற சரிவின் வாயில் இன்ஜினியர் நின்றுகொண்டிருந்தார். கீழே எட்டுப் பேர். பொக்லைன் வண்டியில் புது மாப்பிள்ளை. அவனுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகிறது, பெயர் மட்டும் இன்னும் போகவில்லை. பாறை முகத்தைக் கடப்பாரையால் தட்டிச் சுத்தம் செய்கிறவர்கள் ஆறு பேர். பாறையை ஒட்டி, முக்காலி மேல் நிறுத்திய மட்டக் கருவியில் கண்ணை வைத்தபடி என் மகள். மஞ்சள் தொப்பி.

"சார், எல்லாரையும் வெளிய கூப்பிடுங்க. பட்டை மேல இருக்கு. கீழ இல்ல, மேல இருக்கு."

இன்ஜினியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கையிலிருந்த கல்லைப் பார்த்து, "நல்ல கல்லுதான். இதைக் குடுக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார்.

"மலை மேல பிளந்திருக்கு சார். வடிகால் தண்ணி மொத்தமும் உள்ள இறங்குது. நானும் இவனும் பாத்துட்டு வர்றோம்."

"மழை பேஞ்சா மண்ணு வெடிக்கத்தான் செய்யும். பட்டை பதினாலு நாப்பதுல இருக்கு. ரிப்போர்ட்ல அப்படித்தான் இருக்கு. ரிப்போர்ட்டு யாரு ஏட்டைப் பாத்து எழுதினது? போன மாசம் மேடம் ஒரு சந்தேகம் கேட்டப்ப, 'நான் பேச வேண்டாம் சார், என் பெட்டி பேசும்'னு சொன்னது யாரு? பெரியவங்க வர்ற நேரத்துல ஏங்க இப்படிப் பீதியக் கிளப்பறீங்க?"

அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவரைத் தாண்டிச் சரிவில் பாதி தூரம் இறங்கி மகளைக் கூப்பிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்துக் கையாட்டினாள்.

"என்னப்பா, இந்த நேரத்துல?"

"மேல வாம்மா."

"இன்னும் நாலு குறிதான் பாக்கி. முடிச்சுட்டு வர்றேன்."

"அங்க தண்ணி கசியுதா?"

"ஆமாப்பா, காலைலேருந்து ஒரு ஈரக் கோடு. புது மாப்பிள்ளை ரொம்பப் பயந்துட்டான், இறங்க மாட்டேன்னு ஒரே அடம். நான்தான் சொன்னேன், 'எங்கப்பா ஏட்டுல பட்டை இன்னும் கீழ இருக்கு, இது வேற ஏதோ சில்லறைச் சேறு, பேசாம வேலையைப் பாரு'ன்னு." சொல்லிவிட்டு அந்தக் கோட்டின் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். கோடு அவள் மார்பு உயரத்தில் ஓடியது. தட்டிய கையில் ஒட்டிய சேற்றைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

அந்த இடத்தில் நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் உண்மையைச் சொல்லவில்லை.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னா, வா" என்றேன்.

ஒரு பொய்யில் இவளை மேலே இழுத்துவிடலாம், ஏடு ஏடாகவே இருக்கும், நானும் நானாகவே இருப்பேன் என்று என் புத்தி அந்த நேரத்திலும் ஒரு கணக்குப் போட்டிருக்கிறது. மற்ற ஏழு பேரைப் பற்றி அது யோசிக்கக்கூட இல்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அவள் சிரித்தாள். "பத்து நிமிஷம் முன்னாடி மேல வந்தப்பதான் அம்மாகிட்ட பேசினேன். நல்லாத்தான் இருக்காங்க. என்னப்பா ஆச்சு உங்களுக்கு?"

அவளுக்கு மேலே பாறை முகத்திலிருந்து நெல்லிக்காய் அளவில் ஒரு கல் பெயர்ந்து உருண்டு வந்து அவள் தொப்பியில் டக்கென்று பட்டுத் தெறித்தது. அவள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை, தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

ஐம்பத்து நான்கு வருஷமாக உள்ளே பூட்டிக் கிடந்த வாக்கியம் அது, கதவு துருப்பிடித்துப் போயிருந்தது. முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை பள்ளம் முழுக்க எதிரொலிக்கக் கத்தினேன்.

"நான் தப்புப் பண்ணிட்டேன்! பெட்டியைத் தலைகீழா அடுக்கிட்டேன்! நீ கை வச்சிருக்கறதுதான் அந்தப் பட்டை! நான் தப்புப் பண்ணிட்டேம்மா!"

அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே போய்விட்டது. ஒரு நொடி என்னைப் பார்த்தாள். ஏன், எப்படி, என்ன ஆதாரம் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சின்ன வயதிலேயே முடிவு செய்துவைத்தவள் அவள். கருவியை விட்டாள், நோட்டை விட்டாள், "ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க! எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுங்க!" என்று கடப்பாரைக்காரர்களை முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். புது மாப்பிள்ளை பொக்லைனை அணைக்காமலே குதித்தான். எட்டுப் பேரும் சரிவில் ஏறி மேலே வந்துவிட்டார்கள். பள்ளத்துக்கு எதிர்க்கரையில், பாறையிலிருந்து நல்ல தூரத்தில் போய் நின்றோம்.

எதுவும் நடக்கவில்லை.

ஐந்து நிமிஷம் ஆனது, பத்து நிமிஷம் ஆனது. ஆளில்லாத பொக்லைன் கீழே உறுமிக்கொண்டிருந்தது. வெயில் வந்தது. நனைந்த பாறை வெயிலில் பளபளவென்று சமர்த்தாக நின்றது. கடப்பாரைக்காரர்களில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். "பெட்டி அண்ணனுக்கு வெயில் ஒத்துக்கல போல" என்றார் இன்னொருவர். இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"திருப்தியா?" என்றார். "எட்டு பேரு வேலை நிக்குது."

"இன்னும் கொஞ்ச நேரம் பாத்துடலாம் சார்."

"எவ்வளவு நேரம்? சாயங்காலம் வரைக்குமா? அடுத்த மழை வரைக்குமா?"

எனக்குத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் சொன்னது பொய்யாகிப் போகட்டும், எல்லோரும் என்னைப் பார்த்துக் காறித் துப்பட்டும் என்று ஆசைப்பட்டேன். அதே நேரத்தில் இன்னொரு பயமும் வந்தது. இப்போது விழாமல் இவர்கள் இறங்கிய பிறகு விழுந்தால்? ஒருமுறை கத்தியாயிற்று. இரண்டாவது தடவை கத்தினால் யார் கேட்பார்கள்?

"வண்டியையாவது வெளிய எடுத்துட்டு வந்துடறேன் சார், டீசல் வீணாகுது" என்று புது மாப்பிள்ளை நான்கடி வைத்தான். ரேடியோ அவன் முன்னால் போய்க் கையை விரித்து நின்றான். "தாண்டிப் போ பாப்போம்" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

மகள் என் பக்கத்தில் நெளிந்தாள். "அப்பா, கருவி அங்கயே நிக்குது. என் பேர்ல குடுத்தது அது. கல்லு தெறிச்சாகூடக் கண்ணாடி போயிடும். ஒரே ஓட்டம், எடுத்துட்டு வந்துடறேன்."

"வேணாம்."

"ரெண்டு நிமிஷம்பா. இவ்வளவு நேரம் விழாதது…"

அவள் கிளம்பிவிட்டாள். எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். உதறினாள். விடவில்லை. இன்ஜினியர், "அவங்க வேலையைச் செய்ய விடுங்க" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, முக்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் முதலில் பார்த்தவன் நான்.

முக்காலிக்குப் பின்னால் இருந்த பாறை முகம் முன்னால் வந்தது. சத்தமே இல்லை. மேஜையின் இழுப்பறையை யாரோ மெதுவாகத் திறக்கிற மாதிரி, மார்பு உயரத்துக்கு மேலே இருந்த மொத்தப் பாறையும், அதற்கு மேல் நின்ற மரங்களோடு, நின்றபடியே நகர்ந்து வந்தது. முக்காலியின் மேல் நிழல் விழுந்தது. அப்புறம்தான் சத்தம் வந்தது. அதைக் காதால் கேட்டதாக நினைவில்லை, உள்ளங்காலில்தான் கேட்டேன். பொக்லைன் ஒரு தீப்பெட்டி போல மடங்கி உள்ளே போனது. உறுமல் நின்றது. சேறும் தூசியும் சேர்ந்து பள்ளம் கண்ணுக்குத் தெரியாமல் போனது.

புது மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மகள், நான் பிடிக்காத கையை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினாள். எட்டு வந்த பிறகு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

தூசி அடங்கியதும் எதிரே மலையில் புதிதாக ஒரு தரை தெரிந்தது. சாய்வாக, கல்யாண மண்டபம் அளவுக்கு. அலை வரிகள், அவற்றின் மேல் ஆயிரக்கணக்கில் சிப்பிகள், எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. எத்தனையோ கோடி வருஷத்துக்குப் பிறகு அந்தக் கரையின் மேல் வெயில் பட்டது. வேறொரு நாளாக இருந்தால் அழகு என்று சொல்லியிருப்பேன்.

இன்ஜினியரின் உதடு வெளுத்திருந்தது. "எப்படி மாறுச்சு?" என்று கேட்டார். "கல்லை எடுத்தவன் தப்பா, அடுக்கினவர் தப்பா?"

ரேடியோ என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். ஒரு சொல் போதும், பழி அவன் தலையில் விழும். மாற்றித் தள்ளினவன் அவன்தானே.

"என் தப்பு சார்" என்றேன். "இவன் சொல்ல வந்தான். நான் வாயை மூடுன்னுட்டேன்." இரண்டாவது தடவை சுலபமாக வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

மகள் புதிய தரையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலைல அந்தக் கோட்டுக்குள்ள விரலை விட்டுப் பாத்தேன்பா" என்றாள். "கொழகொழன்னு இருந்துச்சு. எனக்கே சந்தேகம் வந்துச்சு. அப்பா எழுதினதுன்னு விட்டுட்டேன். அவங்க ஆறு பேருகிட்டயும் எங்கப்பா ஏடு, எங்கப்பா ஏடுன்னு சொல்லிச் சொல்லி நிக்க வச்சேன்."

கால்சட்டையில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டினாள்.

"இனிமே குழாய்லேருந்து கல்லு எடுக்கறப்ப நானும் கூட நிப்பேன். நீங்க எழுதினதை மட்டும் நம்பி இனிமே எங்கயும் இறங்க மாட்டேன்."

பத்தொன்பது வருஷத்தில் என் ஏட்டைப் பார்த்து ஒருவர்கூட அப்படிச் சொன்னதில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் பிலுபிலுவென்று பிடித்திருப்பேன். அன்றைக்கு அது என் வயிற்றில் பாலை வார்த்தது. இனி எந்தப் பள்ளத்திலும் இவள் என்னை நம்பி நிற்கப் போவதில்லை.

"நம்பாதேம்மா" என்றேன். "கொஞ்சம்கூட நம்பாதே."

"சரிப்பா. கையை விடுங்க, வலிக்குது."

விடத்தான் பார்த்தேன். விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. அவள் கை சிவந்து கன்றிப் போயிருந்தது, எனக்கும் தெரிந்தது. கடைசியில் ரேடியோ வந்து பக்கத்தில் நின்று, "விடுங்கண்ணே, ஒண்ணும் ஆகாது, இங்கதான் இருக்கு பாப்பா" என்று பேசிக்கொண்டே என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.